ரிஸ்க் யாருடையது?

பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவோர் கருத்தரங்கு என்று எது நடந்தாலும் அதில் ஒரு வாக்கியம் கட்டாயம் வரும்: "ரிஸ்க் எடுக்கிறவனுக்குத்தான் லாபம்." மூன்று வருஷமாகக் கேட்கிறேன். பேச வருகிறவர் மாறுவார், வாக்கியம் மாறாது. முன்பெல்லாம் கைப்பேசிச் செயலிகளைப் பற்றிப் பேசினார்களாம். இப்போது எல்லாம் பசுமை. சோலார், பேட்டரி, ஹைட்ரஜன், மின்சாரக் கார். பூமியையும் காப்பாற்றலாம், பணமும் பண்ணலாம் என்கிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு என் கூட்டாளிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். பூமித்தாயைக் காப்பாற்றுவதில் எதற்கு லாபம், அது வியாபாரம்தானே, தர்மம் எங்கே வந்தது என்பது ஒரு கட்சி. பசுமை என்றாலே புண்ணியம், அதற்கு மேல் என்ன கேள்வி என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. லாபம் சரியா தப்பா என்று அடித்துக்கொள்வதைவிட, அந்த வாக்கியத்தின் முதல் பாதியைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. ரிஸ்க் எடுக்கிறவன் யார்? கெடாத் தோட்டங்களில் இருந்து வந்த பிள்ளைகளான நமக்கு இதைக் கேட்க மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் காரணம் இருக்கிறது.

முதலில் இந்த 'துணிகர முதலீடு' என்றால் என்னவென்று பார்ப்போம். எங்கள் பாட்டிக்கு இதை விளக்க வேண்டி வந்தது. "கூட்டு போடுற மாதிரியா?" என்று கேட்டார். தோட்டத்துப் பெண்கள் மாதா மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, ஒவ்வொரு மாதம் ஒருவர் எடுப்பார்களே, அந்தக் கூட்டு.

"இல்ல பாட்டி. கூட்டுல போட்டது நம்ம கைக்குத் திரும்பி வந்துடும். இதுல பத்துக் கம்பெனில காசு போடுவாங்க. பாதிக்கு மேல முழுகிடும். ஒண்ணு ரெண்டு மட்டும் அம்பது மடங்கு நூறு மடங்குன்னு கொடுக்கும். முழுகினதுக்கும் சேர்த்து அதுல எடுத்துக்குவாங்க."

"அப்போ நம்பர் எடுக்கிற மாதிரின்னு சொல்லு."

அவ்வளவு மோசமில்லை என்றாலும், பாட்டி அதிகம் தள்ளிப் போகவில்லை. இதில் இன்னொன்று. காசு போடும் நிறுவனம் பெரும்பாலும் தன் காசைப் போடுவதில்லை. பணக்காரக் குடும்பங்கள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், ஓய்வூதிய நிதிகள், அரசாங்கங்கள் கொடுக்கும் பணத்தைத்தான் நிர்வகிக்கிறது. நம் நாட்டில் 2001இல் மாவ்கேப் என்ற நிறுவனத்தை அரசாங்கம் தொடங்கியபோது அதற்கு 50 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. அது பொதுப்பணம். வழக்கமாக இப்படிப்பட்ட ஒரு நிதிக்கு ஆயுள் பத்து வருஷம். அதற்குள் போட்டு, வளர்த்து, விற்று, கணக்கை முடிக்க வேண்டும்.

இந்தப் பத்து வருஷம்தான் பசுமைத் தொழில்நுட்பத்தின் கழுத்தைப் பிடித்தது. 2006க்கும் 2011க்கும் இடையில் அமெரிக்கத் துணிகர முதலீட்டாளர்கள் 2,500 கோடி டாலருக்கு மேல் இந்தத் துறையில் கொட்டி, பாதிக்கு மேல் இழந்தார்கள். செயலி ஒன்றை எழுத நாலு பேரும் நாலு கணினியும் போதும். சோலார் தகட்டுக்குத் தொழிற்சாலை வேண்டும், இயந்திரம் வேண்டும், பல வருஷச் சோதனை வேண்டும். இதெல்லாம் முடிந்து சந்தைக்கு வரும்போது சீனத்துத் தகடு பாதி விலைக்கு வந்துவிட்டிருக்கும். கலிபோர்னியாவின் சொலிண்ட்ரா கதை அதுதான். 2005இல் தொடங்கி, தனியாரிடம் கோடிக்கணக்கில் திரட்டி, அமெரிக்க அரசாங்க உத்தரவாதத்தோடு 53.5 கோடி டாலர் கடனும் வாங்கி, 2011 செப்டம்பரில் திவால் மனு கொடுத்தது. ஏறக்குறைய 1,100 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது.

ஆனால் எல்லாரும் முழுகவில்லை. முழுகாத ஒன்று நம் கூலிமில் இருக்கிறது.

ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் வேர், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஹெரால்ட் மெக்மாஸ்டர் என்ற கண்ணாடித் தொழில் நிபுணர் 1990இல் தொடங்கிய ஒரு சிறு கம்பெனி. கண்ணாடிமேல் காட்மியம் டெல்லுரைடு என்ற பொருளை மெல்லிய படலமாகப் பூசினால் மின்சாரம் எடுக்கலாம் என்பது யோசனை. பல வருஷம் சம்பாத்தியம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 1999இல் வால்மார்ட் குடும்பத்து ஜான் வால்ட்டனின் ஆதரவு பெற்ற ட்ரூ நோர்த் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் அதை வாங்கி, பெயரை மாற்றி, மேலும் மேலும் பணம் போட்டது. 2006இல்தான் பங்குச் சந்தைக்கு வந்தது. 2008இல் கூலிம் ஹைடெக் பூங்காவில் உற்பத்தி ஆரம்பமானது.

1999இல் போட்டு 2006 வரை காத்திருந்தார்கள். ஏழு வருஷம். ரப்பர் கன்றை நட்டால் பால் வெட்ட எவ்வளவு நாள் ஆகும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்க. ஆறு ஏழு வருஷம் என்பார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் கம்பெனி கம்பெனியாகப் பதிவு செய்து, பங்கு விற்று, அந்தக் காசில் இந்த மண்ணில் காட்டை அழித்து ரப்பர் நட்டார்களே, அதுவும் ஒருவகைத் துணிகர முதலீடுதான். மரம் பால் கொடுக்குமா, கொடுக்கும்போது விலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. 1910இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியபோது காத்திருந்தவர்கள் கொள்ளை லாபம் பார்த்தார்கள்.

அதனால் லாபமே பாவம் என்று சொல்லும் கூட்டாளிகளோடு நான் சேரமாட்டேன். யாரோ ஒருவர் நஷ்டத்துக்குத் துணிந்து காசு போடாவிட்டால் அந்தக் கண்ணாடிப் படலம் ஒஹையோவில் ஒரு ஷெட்டிலேயே கிடந்திருக்கும். நம் முன்னோர் பொருளை வெறுத்தவர்கள் இல்லை. அறம், பொருள், இன்பம் என்ற வரிசையில் பொருளுக்கு நடு இடம் கொடுத்திருக்கிறார்கள். திருக்குறளில் பொருள் செய்வதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. ஆனால் வரிசையில் முன்னால் நிற்பது அறம். முன்னால் நிற்கிறவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

அந்த உரிமையில் கேட்கிறேன். லண்டன் பங்குதாரர் எடுத்த ரிஸ்க் எவ்வளவு? கம்பெனிப் பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' என்று இருக்கும், நம் நாட்டில் 'பெர்ஹாட்'. இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். கம்பெனி எவ்வளவு கடனில் முழுகினாலும் பங்குதாரருக்குப் போவது அவர் போட்ட காசு மட்டும். வீட்டைத் தொட முடியாது, உடம்பைத் தொட முடியாது. அவருடைய ரிஸ்க்குக்குச் சட்டமே வேலி கட்டிக் கொடுத்திருக்கிறது. பால் மரம் வெட்டியவருக்கு அப்படி எந்த வேலியும் இல்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது சம்பளத்தை வெட்டினார்கள், பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். காய்ச்சலும் பாம்பும் வேறு. எந்தப் பங்குப் பத்திரத்திலும் அவர்கள் பெயர் இல்லை. ஆனால் விலை விழுந்த நாளில் நஷ்டக் கணக்கில் முதல் பெயர் அவர்களுடையதுதான்.

பசுமைக் காலத்திலும் இந்தப் பழக்கம் விட்டுப் போகவில்லை. 2012 ஏப்ரலில், சோலார் தகடுகளின் விலை உலகமெங்கும் சரிந்தபோது, ஃபர்ஸ்ட் சோலார் ஜெர்மனித் தொழிற்சாலையை மூடுவதாகவும் கூலிமில் நான்கு உற்பத்தி வரிசைகளை நிறுத்துவதாகவும் அறிவித்தது. உலகம் முழுக்க ஏறக்குறைய 2,000 வேலைகள், மொத்த ஊழியர்களில் 30 விழுக்காடு. சந்தை அப்படி, கம்பெனி பிழைக்க வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். பிழைக்கவும் செய்தது. இருந்தாலும், அந்த மாதம் ரிஸ்க்கின் அடி யார் வீட்டில் விழுந்தது என்று கேட்டால், பேச்சாளர் சொன்ன வாக்கியம் கொஞ்சம் தடுமாறும்.

அடுத்தது இன்னும் நேரடியானது. 2023 ஆகஸ்டில் அதே நிறுவனம் தானாகவே ஒரு விஷயத்தை வெளியிட்டது. வெளியார் நடத்திய சமூகத் தணிக்கையில், அதன் மலேசியத் தொழிற்சாலையில் வேலை செய்த நான்கு துணை ஒப்பந்த நிறுவனங்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களை முறைகேடாக வேலைக்கு எடுத்தது தெரியவந்ததாம். சொந்த நாட்டில் வேலைக்காகக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள். இங்கே வந்தபின் பாஸ்போர்ட்டையும் சம்பளத்தையும் பிடித்து வைத்திருக்கிறார்கள். சரிசெய்யும் வேலையில் இறங்கியிருப்பதாக நிறுவனம் சொன்னது. யாரும் கண்டுபிடித்து மாட்டிவிடும் முன் தானே சொன்னது பாராட்ட வேண்டிய விஷயம், அதை மறைக்கக் கூடாது. கொஞ்சம் தேடினால் எத்தனையோ தொழிற்சாலைகளில் இதே கதை கிடைக்கும் என்பதும் உண்மை.

ஆனால் அந்தக் கட்டணத்தைப் பற்றி யோசித்துப் பாருங்க. எங்கோ ஒரு கிராமத்தில் ஒருவர் நிலத்தை அடகு வைத்து, மனைவியின் நகையை விற்று, ஏஜெண்ட் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறார். வேலை நிலைக்குமா, சொன்ன சம்பளம் வருமா என்று தெரியாது. தன் கையில் இருக்கும் அத்தனையையும், இல்லாததையும் கடனாக வாங்கி, நிச்சயமில்லாத எதிர்காலத்தில் போடுகிறார். இதற்குப் பெயர் என்ன? பொறியியல் வகுப்பில் நாங்கள் படித்த இலக்கணப்படி இதுதான் துணிகர முதலீடு. ஒரே வித்தியாசம், இவர் பத்துக் கம்பெனியில் பிரித்துப் போடவில்லை. இருக்கும் ஒரே ஒரு உயிரை ஒரே இடத்தில் போட்டிருக்கிறார்.

கங்காணி கொடுத்த முன்பணத்தோடும் அதன் கடனோடும் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களின் கொள்ளுப்பேத்தி நான். கங்காணி முறை 1938இல் நின்றது என்று புத்தகத்தில் இருக்கிறது. ஏஜெண்ட் என்ற பெயரில் அது இன்னும் நடமாடுவதைப் பார்த்து முதலில் வலிக்க வேண்டியது நமக்குத்தான். ஆனால் நம்மில் சிலர் அந்தத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசும் பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்டால் வெட்கமாக இருக்கிறது. சரி, அது வேறு கட்டுரை.

இங்கே ஒரு சின்ன முறையீடு. சமய வகுப்புகளில் பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய் என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்ல போதனை. ஆனால் நான் பார்த்தவரை இதைத் தொழிலாளியிடமும் மாணவனிடமும்தான் சொல்கிறார்கள். முதலீட்டாளர் கூட்டத்தில் மேடையேறி, "பலனை எதிர்பார்க்காமல் போடுங்கள்" என்று யாரும் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை. கீதை குருக்ஷேத்திரத்தில் அரச குலத்தானிடம் சொல்லப்பட்டது, கூலிக்காரனிடம் அல்ல.

ரிஸ்க் எடுக்கிறவனுக்கு லாபம் என்பது நீதி என்றால், அந்த நீதியை முழுசாக நடத்த வேண்டும். ரிஸ்க்கைச் சுமக்கும் எல்லாருக்கும் லாபத்தில் ஒரு பங்கும் கணக்கைப் பார்க்கும் உரிமையும் வேண்டும். இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குக் கெடாவிலேயே பதில் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிந்திய வருஷங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் இழந்தார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் ஊர் ஊராகப் போய்த் தோட்டப் பாட்டாளிகளையே பங்குதாரர்களாக்கி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டிய கைகள் சிறுகச் சிறுகக் கட்டிய காசில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எது தெரியுமா? நம் கெடாவின் புக்கிட் சீடிம். மரத்தை வெட்டுகிறவரும் மரத்துக்குச் சொந்தக்காரரும் ஒரே ஆளாக நின்ற இடம். வெள்ளைக்காரனுக்குப் பிறகு நம் மாநிலத்தில் நடந்த பெரிய துணிகர முதலீடு அது என்பது என் கட்சி.

கூட்டுறவு என்றாலே எல்லாம் நல்லதாக நடக்கும் என்று சொல்ல வரவில்லை. நம் சமூகத்தில் 'மைக்கா' என்ற ஒரு சொல் போதும், பெரியவர்கள் முகம் மாறிவிடும். 1982இல் அறுபதாயிரத்துக்கும் அதிகமான நம்மவர்கள், தாலிக்கொடியை அடகு வைத்தும்கூடப் பங்கு வாங்கினார்கள். 28 வருஷம் கழித்து, 2010இல், பங்கு ஒன்றுக்கு 80 சென் தருகிறோம் என்று ஒருவர் முன்வந்ததே பெரிய நிம்மதியாகப் பேசப்பட்டது. காசு போட்டால் மட்டும் போதாது, கணக்கைப் பார்க்கும் கண்ணும் வேண்டும் என்பதற்கு நாம் கட்டிய கல்விக் கட்டணம் அது.

இப்போது குரூணுக்கு வருவோம். வடக்கு நோக்கிப் போகிறவர்கள் ஜெராய் மலையைத் தாண்டும் வட்டாரம். அங்கே 2018 கடைசியில் 65 மெகாவாட் சோலார் பண்ணை ஒன்று மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. நோர்வே நாட்டு ஸ்காடெக் நிறுவனத்தின் பங்கு அதில் உண்டு. மலாக்காவின் ஜாசின், திரங்கானுவின் மெர்ச்சாங் பண்ணைகளோடு சேர்த்து, 100 கோடி ரிங்கிட் பசுமை சுக்குக் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டினார்கள். தெனாகா நேஷனல் 21 வருஷம் மின்சாரம் வாங்கிக்கொள்ள ஒப்பந்தம். கவனிக்க வேண்டியது, இது துணிகர முதலீடு இல்லை. துணிந்தவர்கள் விதை போட்டு, தொழில்நுட்பம் தேறி, விலை இறங்கிவிட்டது. இப்போது சூரியன் உதிப்பதும் தெனாகா பணம் கட்டுவதும் ஏறக்குறைய ஒரே அளவு நிச்சயம். ரிஸ்க் குறைந்த இடம் இது. அப்படியானால் தோட்டத்துச் சனம் பங்கு கேட்க வேண்டிய இடமும் இதுதானே?

பாட்டியை ஒருநாள் காரில் அந்தப் பக்கம் கூட்டிப் போனேன். வரிசை வரிசையாகக் கண்ணாடி. "நெரை புடிச்ச மாதிரி நட்டிருக்காங்க," என்றார். ரப்பர் நிரையைச் சொல்கிறார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல எத்தன பேருக்கு வேல?" என்று கேட்டார். கட்டும்போது நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும். கட்டி முடித்தபின் புல் வெட்ட, தகடு கழுவ, காவல் காக்க, இயந்திரத்தைக் கவனிக்க என்று விரல்விட்டு எண்ணலாம். ரப்பர் தோட்டம் உழைப்பைச் சுரண்டியது, ஆனாலும் ஆள் வேண்டியிருந்தது, ஆளுக்காக ஒரு பள்ளிக்கூடமும் கோயிலும் வந்தன. இந்தத் தோட்டத்துக்கு ஆளே வேண்டாம். சம்பளத்தின் வழியாக ஊருக்குக் காசு வராது என்றால், பங்கின் வழியாகத்தான் வர வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒரு ஊராட்சி இதைச் செய்து காட்டியிருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டம், மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை. 2006இல் சேமிப்பு 40 லட்சம் ரூபாயோடு வங்கியில் கடன் வாங்கி, 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. ஊர்த் தேவைக்குப் போக மிச்ச மின்சாரத்தை மின் வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தில் கடனைக் கட்டியது. அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட ஊராட்சித் தலைவருக்கு எத்தனை இரவு தூக்கம் வந்திருக்கும் என்று தெரியவில்லை. ரிஸ்க் அவர்களுடையது. காற்றாலையும் அவர்களுடையது.

எங்கள் தாமான் கோயில் மண்டபத்துக்கு நல்ல தெற்குப் பார்த்த அகலக் கூரை இருக்கிறது. மாதா மாதம் மின்சாரக் கட்டணம் வந்ததும் செயலாளர் அண்ணன் முகம் வாடும். இளைஞர் பிரிவில் நாங்கள் ஐந்து பேர் இரண்டு மாதமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். வழக்கம்போல ஒரு பெரிய உபயக்காரரைப் பிடித்து, கல்வெட்டில் பெயர் போட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். அதைவிட, பாட்டி சொன்ன கூட்டு மாதிரி நாற்பது குடும்பம் சேர்ந்து போட்டு, மிச்சமாகும் கட்டணத்தில் இருந்து வருஷா வருஷம் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை.

இதிலும் சிக்கல் உண்டு. நாற்பதில் ஏழெட்டு வீடுகளுக்கு ஐந்நூறு ரிங்கிட் என்பது பெரிய காசு. அவர்களை விட்டுவிட்டால் மறுபடியும் வசதியானவருக்குத்தான் பங்கு. சேர்த்துக்கொண்டு, மூன்றாம் வருஷம் இன்வெர்ட்டர் பழுதானால்? அந்த நஷ்டத்தை முதலில் தாங்குவது யார் என்று இப்போதே எழுதி வைக்க வேண்டும். வசதியுள்ள குடும்பங்கள் முதலில் தாங்கட்டும், அதற்காக அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு போகட்டும் என்று எழுதியிருக்கிறேன். செயலாளர் அண்ணன் ஒத்துக்கொண்டார். பொருளாளர் மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் சாமி பிள்ளைங்கதானே, அதில் என்ன கூடுதல் குறைச்சல்?" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் மறுபடியும் உட்காருகிறோம். கடந்த மூன்று வருஷத்து மின்சார பில்களைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.